நான்கு வாட்டில் ஒரு தோட்டம்

தெமோதரை ஸ்டேஷனிலிருந்து மூன்று கிலோமீற்றர் மேலே ஏறினால் எங்கள் தோட்டம் வரும். நான் அங்கே தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பாடசாலைக்கு மேலே, தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கில், லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு நடுவில் பிள்ளைக்காம்பரா இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்பவர் றோசாலி. வயது நாற்பத்து நான்கு. காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை அவரிடம் விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்க மலைக்குப் போவார்கள். பதினேழு வருடமாக அவருக்கு இதுதான் வேலை.

அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே ஒரு சம்பவம் நடந்தது. ஒரு சிறுமியை முதலாம் வகுப்பில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழைத் தேடினார்கள். துணிமூட்டைக்குள் பத்திரமாக வைத்திருந்ததை எலி கடித்துத் தூளாக்கியிருந்தது. அந்தப் பிள்ளையின் அப்பா வேலைக்குப் போகாமல் மூன்று முறை பதுளைக்குப் போய் வந்தார். சான்றிதழின் இலக்கமும் பதிவு செய்த திகதியும் தெரியாததால் மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்பினார். அன்றிலிருந்து றோசாலி ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டார். காம்பராவுக்கு ஒரு பிள்ளை வந்தால், பெற்றோரிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தால், பிள்ளையையும் சான்றிதழையும் தாய் தகப்பனின் அடையாள அட்டைகளையும் படம் எடுத்து வைப்பார். பிறந்தநாள் வரும்போதெல்லாம் பிள்ளையை மறுபடியும் ஒரு படம். முதலில் போனில் சேர்த்தார். பிறகு கொழும்பிலிருக்கும் மச்சான் கொடுத்த பழைய லேப்டாப்பில். அதுவும் நிறைந்த பிறகு, தனி அடப்டரோடு வந்த ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க்கில்.

2022இல் நாடு முழுக்க மின்சாரம் வெட்டி வெட்டி வந்ததே, அந்த மாதங்களில் ஒரு நாள், கரண்ட் வந்து, போய், திரும்ப வந்தது. டிஸ்க் டக் டக்கென்று அடித்துவிட்டு நின்றது. பிறகு எழும்பவே இல்லை. பழைய வருடங்களின் பிரதி லேப்டாப்பில் இருந்தது. கடைசி இரண்டரை வருடம் போய்விட்டது.

சான்றிதழ்களை மறுபடி எடுக்க முடிந்தது. வேலை முடிந்து ஒவ்வொரு லயமாக ஏறி இறங்கி, நான்கு மாதத்தில் அத்தனையையும் மறுபடி படம் எடுத்தார். பிள்ளைகளின் படங்களை என்ன செய்வது? இரண்டு வயதுப் பிள்ளை மறுபடி இரண்டு வயதாகப் போவதில்லை. ஒரு தாய் வந்து தன் மகன் முதன்முதல் எழுந்து நின்ற நாளில் எடுத்த படத்தைக் கேட்டார். இல்லை என்று சொல்லத் தனக்கு வாய் வரவில்லை என்றும், நாளைக்கு வாங்க என்று பொய் சொல்லி அனுப்பியதாகவும் றோசாலி பிறகு என்னிடம் சொன்னார். மறுநாள் அவரே அந்த வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தார்.

அதன்பிறகுதான் ஆள் மாறினார். யாரோ கொடுத்ததை வைத்துச் சமாளித்தது போதும், இனி என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும் என்று தீர்மானித்தார். லயத்துக் கரண்டை நம்ப முடியாது. பின்னேரம் எல்லா வீட்டிலும் தண்ணீர் கொதிக்கக் கேத்தல் போட்டால் பல்ப் மங்கும். மழை காற்று என்றால் இரண்டு நாள் இருட்டு. ஆனால் வீட்டுக் கூரையில் விளக்குக்காகப் பூட்டிய ஒரு சின்ன சோலார் தகடும் ஒரு பேட்டரியும் இருந்தன. அந்தப் பேட்டரியில் ஓடக்கூடியதுதான் தனக்கு வேண்டும் என்று கொப்பியில் எழுதிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை பதுளைக்கு பஸ் ஏறினார்.

பதுளையில் கணினி விற்றுத் திருத்தும் கடையொன்றை நடத்துபவர் நூருல் இனாயா. அவர் முதலில் எடுத்து வைத்தது எட்டு டெராபைட் டிஸ்க். இப்போது எல்லோரும் பெரிதாகத்தான் எடுக்கிறார்கள் என்றார்.

“இது எத்தன வாட் இழுக்குங்க?” என்று றோசாலி கேட்டார்.

இனாயா கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தாராம். ஒன்பது வருடக் கடையில் எவ்வளவு கொள்ளும், என்ன விலை, எத்தனை வருட உத்தரவாதம் என்றுதான் கேட்டிருக்கிறார்களே தவிர, இதை யாரும் கேட்டதில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, பெட்டிகளின் பின்பக்கத்தைக் காட்டி விளக்கத் தொடங்கினார். பெரிய டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்தச் சில விநாடிக்கே இருபது வாட்டுக்கு மேல் கேட்கும். லேப்டாப்பில் போடும் சின்ன அளவு டிஸ்க் மெதுவாகச் சுழலும். எழுதும்போது இரண்டு வாட்டுக்குக் கொஞ்சம் கூட, தூங்கும்போது ஒரு வாட்டுக்கும் கீழே. சுழலாத எஸ்எஸ்டி இன்னும் சிக்கனம். ஆனால் அதே கொள்ளளவுக்கு விலை பல மடங்கு. அதோடு, மாதக்கணக்கில் கரண்ட் இல்லாமல் அலமாரியில் வைக்கும் பிரதிக்குத் தானாயிருந்தால் சுழலும் டிஸ்க்கைத்தான் எடுப்பேன் என்றார் இனாயா.

றோசாலி கொப்பியைத் திறந்தார். அதுவரை சேர்ந்த பதினான்கு வருடப் படங்களும் முந்நூறு ஜிகாபைட்டைத் தாண்டவில்லை. இரண்டு டெராபைட் தாராளம். தேவைக்கு மேல் எடுத்தால் உள்ளே தட்டுகளும் கூடும், அத்தனையையும் சும்மா சுற்ற வைக்க வேண்டும் என்று அவரே சொன்னார். சின்ன அளவில், ஒரே மாதிரி இரண்டு டிஸ்க்கும், சவர்க்காரப் பெட்டி அளவில் ஒரு குட்டிக் கணினியும், எத்தனை வாட் இழுக்கிறது என்று காட்டும் ஒரு சின்ன மீற்றரும் வாங்கிக்கொண்டு திரும்பினார்.

முதல் நாளே தகராறு. டிஸ்க் டொக்கென்று ஒரு சத்தம் போட்டது, திரையில் தெரிந்தது, மறைந்தது. கணவர் மாணிக்கராஜ் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்பவர், மெஷின் பழகியவர். சாமான் பழுது, திருப்பிக் கொடுத்துவிடு என்றார். றோசாலி கொடுக்கவில்லை. கேபிளை மாற்றிப் பார்த்தார். அதே சத்தம். பிறகு சார்ஜரின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை வாசித்தார். வீட்டில் கிடந்த பழைய போன் சார்ஜர் அது. ஒரு அம்பியர்தான் கொடுக்கும். மூன்று அம்பியர் சார்ஜரை வாங்கிக் குத்தியதும் டிஸ்க் அசையாமல் நின்று வேலை செய்தது.

அடுத்தது தூக்கம். பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் டிஸ்க் சுழல்வதை நிறுத்த வேண்டும் என்று அமைத்தார். ஆனால் மீற்றரில் வாட் இறங்கவில்லை. மேசையில் காதை வைத்துக் கேட்டபோது, அது அடிக்கடி தானாக விழித்துச் சுழல்வது தெரிந்தது. விழிக்கும் நேரங்களைக் கலண்டரின் ஓரத்தில் மூன்று நாள் குறித்தார். சரியாக அரை மணிக்கு ஒரு தடவை. புதுப் படம் ஏதும் வந்திருக்கிறதா என்று தேடும் ஒரு மென்பொருள்தான் அதை எழுப்பிக்கொண்டிருந்தது. அதை ஒரு நாளைக்கு ஒரே முறை, சோலார் தகட்டில் வெயில் விழும் பன்னிரண்டு மணிக்கு மட்டும் தேட வைத்தார். அன்றைக்கு எல்லாம் சேர்த்து மீற்றர் காட்டியது நான்கு வாட். மாணிக்கராஜைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஃபெக்டரியில் அணைக்க மறந்த பல்ப் இதைவிடக் கூட இழுக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அது அவருடைய பாராட்டு.

அடையாள அட்டைகள் இருப்பதால் இரண்டு டிஸ்க்கையும் கடவுச்சொல் போட்டுப் பூட்டினார். இரண்டாவது டிஸ்க் கோயில் அலமாரியில் இருக்கும். மாதத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் எடுத்து வந்து பிரதி செய்து, திரும்பக் கொண்டுபோய் வைப்பார்.

போன மழைக்காலத்தில் மலை சரிந்தது. நான்கு நாள் விடாத மழை. தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் தரை வெடிப்பதைப் பார்த்து, பகலிலேயே ஆட்களை எங்கள் பாடசாலைக்கு இறக்கிவிட்டார்கள். அதனால் ஒரு உயிரும் போகவில்லை. ஆனால் இரண்டு லயம் சேற்றுக்குள் போயிற்று. முப்பத்தொரு குடும்பம் உடுத்த துணியோடு வகுப்பறைகளில் இருந்தது. கரண்ட் ஒன்பது நாள் இல்லை. போன் டவரும் விழுந்திருந்தது.

மூன்றாம் நாள் கிராம சேவகர் சேற்றில் நடந்து வந்து பதிவு எடுக்க உட்கார்ந்தார். பெயர், அடையாள அட்டை இலக்கம், பிள்ளைகளின் பிறந்த திகதி. பெயரைத் தவிர எதையும் யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. சஜீவன் என்ற இளம் தகப்பன் மூன்று பிள்ளைகளின் திகதியையும் மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அப்போது றோசாலி வந்தார். முதுகில் கொழுந்துக் கூடை, அதற்குள் ரப்பர் சீற்றில் சுற்றிய பேட்டரி. கையில் டிஸ்க் பூட்டிய அந்தக் குட்டிக் கணினியும் பழைய லேப்டாப்பும். பின்னால் மாணிக்கராஜ் சோலார் தகட்டைத் தலையில் சுமந்து வந்தார். என் வகுப்பறை மேசையில் எல்லாவற்றையும் பூட்டி இணைத்தார்கள். இரண்டு நிமிடத்தில் லேப்டாப்பில் படங்கள் வந்தன.

“சஜீவன், மொதல்ல நீங்க வாங்க. மூத்தவன் மே மாசம் பதினொண்ணு” என்றார் றோசாலி.

கிராம சேவகர் எழுத எழுத, றோசாலி ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனார். அட்டை இலக்கம், சான்றிதழ் இலக்கம், பதிவு செய்த திகதி, எல்லாம் எழுத்து மாறாமல். வெயில் இல்லாததால் ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் மட்டும்தான் ஓட்டினார். ஐந்து நாளில் முப்பத்தொரு குடும்பமும் முடிந்தது. பேட்டரி கடைசிவரை தாங்கியது. வேலை முடிந்த நேரங்களில் தாய்மார் வந்து பிள்ளைகளின் படங்களைப் பார்த்தார்கள். வீட்டில் இருந்த படமெல்லாம் மண்ணுக்குள் போனவர்கள் அவர்கள். திரையைத் தொடலாமா என்று ஒருவர் கேட்டுத் தொட்டார்.

கடைசி நாள், பிரதேச செயலகத்திலிருந்து வந்த அதிகாரி இது எந்தத் திட்டத்தில் கிடைத்தது, எந்த நிறுவனம் தந்தது என்று விசாரித்தார்.

“யாரும் தரலீங்க சேர். நான் சேத்து வச்சது” என்றார் றோசாலி.

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சத்தமாகவும் இல்லை, பணிவாகவும் இல்லை. மாணிக்கராஜ் பக்கத்தில் நின்று வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். “எல்லாத்தையும் அவதான் பூட்டினா. நான் தகட்டத்தான் தூக்கினேன்” என்று கேட்காமலே சொன்னார்.

பெப்ரவரியில் ஊவா மாகாணத் தோட்டங்களின் பிள்ளைக்காம்பராப் பொறுப்பாளர்களுக்குப் பதுளையில் ஒரு கூட்டம். றோசாலியை ஐந்து நிமிடம் பேசக் கேட்டிருந்தார்கள். நீலச் சேலை கட்டிக்கொண்டு, டிஸ்க்கையும் மீற்றரையும் எடுத்துப் போனார். இனாயாவும் கடையை மூடிவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் நாற்பதாகியும் யாரும் எழுந்து போகவில்லை. பசறையிலிருந்து வந்த ஒரு பெண், இதற்கெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டார்.

“ஓஎல் பரீட்சையில நான் கணக்கு ஃபெயிலுங்க” என்றார் றோசாலி. “இந்தக் கணக்கு எனக்குத் தேவப்பட்டுச்சு. போட்டுப் பாத்தேன், வந்துச்சு.”

மண்டபம் சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஒரு பேட்டரியில் எத்தனை மணித்தியாலம் ஓடும் என்று கணக்குப் பார்க்கும் விதத்தை எல்லோருக்கும் எழுதிக் காட்டினார்.