பெற்றோருக்குப் போய்விட்ட மின்னஞ்சல்

கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் நான் கணினி ஆசிரியை. அவசரத்தில் பெற்றோருக்குச் செய்தி அனுப்ப எந்த மின்னஞ்சல் சேவை நல்லது என்று பார்த்துச் சொல்லும்படி அதிபர் சிஸ்டர் கேட்டிருந்தார். நானும் இரண்டு சேவைகளைச் சோதித்தேன். ‘பாடசாலை உடனே மூடப்படுகிறது, பிள்ளைகளை அழைத்துச் செல்லவும்’ என்று எழுதி, ஆசிரியர்களுக்கு என்று நினைத்து அனுப்பினேன். முதலாவது சேவை, ‘இவர்களுக்குத்தான் அனுப்பவா?’ என்று கேட்டுத் தாமதித்தது. இரண்டாவது கேட்கவேயில்லை. அதில் ஆசிரியர்களுக்குப் பதிலாக நான் தவறுதலாகத் தெரிவுசெய்திருந்த பெற்றோர் எல்லோருக்கும் அனுப்பிவிட்டது.

சற்று நேரத்தில் தாய்மார் கேற்றைத் தள்ளிக்கொண்டு நின்றார்கள். முந்தின வாரம்தான் கொழும்பில் ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்திருந்தது. பாடசாலைக்கு எதிரே இருந்த இராணுவக் காவலரணில் நின்ற சிப்பாய் துவக்கை நீட்டி, “மொகத? மொகத?” என்று, என்ன நடக்கிறதென்று சிங்களத்தில் கத்தினான். குண்டு எதுவும் இல்லை என்று அவனுக்குச் சொல்ல, நான் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு குறுக்கே ஓடினேன்.

“பொம்ப நே மல்லி, பொம்ப நே!”

துவக்கு மெல்லத் தாழ்ந்தது. அது வெறும் சோதனைச் செய்தி என்று தாய்மாரிடம் சொன்னேன். கொச்சிக்கடையில் தான் வேலைசெய்யும் கந்தோரிலிருந்து செருப்பில்லாமல் ஓடிவந்த ஒரு தாய் என் கையைப் பிடித்தார்.

“பொய்யெண்டது சந்தோசம் டீச்சர். ஆனா உண்மையா ஒருநாள் வந்தா, நான் எப்பிடி நம்புறது?”

கேட்டுவிட்டு அனுப்பும் சேவையையே எடுத்தோம். இப்போது பெற்றோருக்குச் சோதனைச் செய்தி அனுப்பினால், ‘இன்று கன்டீனில் ரோல்ஸ் உண்டு’ என்று மட்டுமே எழுதுகிறேன். அதற்கும் அந்தத் தாயிடமிருந்து உடனே பதில் வருகிறது: ‘மகள் உள்ளுக்குத்தானே, டீச்சர்?’