நீர் வற்றிய முகம்

அந்தப் பிள்ளையை முதன்முதலில் பார்த்தபோது, நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளை என்றுதான் நினைத்தேன். கன்னம் இரண்டும் உப்பி, கண் சிறுத்து, பாதம் மெத்தென்று இருந்தது. தாய்தான் குச்சியாக இருந்தாள். தன் வயிற்றைக் கட்டிப் பிள்ளையை வளர்க்கிறாள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டே அவள் கொண்டுவந்த அரிசியை மிஷினில் கொட்டினேன்.

திருச்சுழி போகும் ரோட்டில் மாவு மில் வைத்திருக்கிறேன். கொஞ்ச தூரத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்களின் அகதிகள் முகாம். அங்கிருந்து பெண்கள் புட்டுக்கும் இடியாப்பத்துக்கும் மாவு அரைக்க வருவார்கள். நான் யாரிடமும் அதிகம் பேசுகிறவன் இல்லை. மில் ஓடும்போது பேச வேண்டியதும் இருக்காது. விரலைக் காட்டினால் கூலி எவ்வளவு என்று புரிந்துகொள்வார்கள்.

அன்று கரண்ட் நின்றுபோனது. எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் பொறுப்பான நர்ஸம்மா கம்பு அரைக்க வந்து காத்திருந்தார். பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, அதன் பாதத்தில் கட்டைவிரலை வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்திவிட்டு எடுத்தார். பிசைந்த மாவில் விரல் வைத்தது போலக் குழி அப்படியே நின்றது. அடுத்த பாதத்திலும் அதேபோல நின்றது.

“இது சதை இல்லம்மா, நீரு. பிள்ளைக்கு ஒடம்புல சத்தே இல்ல. இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்” என்றார்.

“அவா குண்டாத்தானே இருக்கிறா அக்கா?” என்று தாய் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மெல்லப் போனதைப் பார்க்க முடியாமல் நான் மிஷின் பெல்ட்டைச் சரி பண்ணுவது போல உள்ளே போய்விட்டேன்.

இலங்கையில் விலைவாசி தாங்காமல் கடல் கடந்து வந்தவள் அவள். பால்மா என்று அவர்கள் சொல்லும் பால் பவுடர் வாங்க முடியாமல் போன நாள்முதல் பிள்ளைக்கு வெறும் தேத்தண்ணிதான். மண்டபம் கரையில் இறங்கியது முதல் வயிற்றுப்போக்கு. எங்கள் பக்கத்து முகாமில் அவளுடைய அக்கா பல வருஷமாக இருக்கிறாள். அவள் வீட்டுக்கு இவள் வந்து சேர்ந்திருந்தாள். புருஷன் இன்னும் அந்தக் கரையில். இவள் பெயர் முகாமில் பதிவாகவில்லை என்பதால் ரேஷன் அரிசியும் கிடையாது. அக்கா வீட்டு அரிசியில்தான் இவளுக்கும் கஞ்சி.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் நிறுத்தி, பிள்ளை வாய் திறந்து சாப்பிடத் தொடங்கியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இனிமேல் வீட்டுச் சாப்பாடுதான் மருந்து, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்க வேண்டும், வாரம் ஒருமுறை எடை பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் அக்கா வீடு ஒரே அறை. ஒரே அடுப்பு. அக்கா பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பிள்ளைக்கு மட்டும் முட்டையும் பாலும் எந்தத் தாயால் கொடுக்க முடியும்? கிண்ணத்தை வைத்தால் எல்லோருக்கும் ஆளுக்கொரு வாய் போய்விடும். கடைசியில் இந்தப் பிள்ளைக்கு மிஞ்சுவது ஒரு வாய்தான்.

நர்ஸம்மா மில்லுக்கு வந்து என் வீட்டுக்காரியிடம் இதைச் சொன்னார். “இங்க வந்து காய்ச்சிக் குடுக்கட்டும். மில்லுலதான் மாவு கெடக்கே” என்று அவள் உடனே சொல்லிவிட்டாள். அவள் நூல் மில்லுக்கு வேலைக்குப் போகிறவள். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனால் சாயங்காலம்தான் திரும்புவாள். பகல் முழுக்க வீட்டில் நான் மட்டும். ஊர் என்ன சொல்லும் என்று நான் இழுத்தேன்.

“அப்ப அடுப்பத் தூக்கி மில்லு வாசல்ல வைங்க. ஊரே பாக்கட்டும்” என்றாள்.

அப்படித்தான் வைத்தோம். மில் வாசலில் தகரக் கூரையின் கீழ் கேஸ் அடுப்பு. மிளகாய் அரைப்பதை மத்தியானத்துக்கு மேல் தள்ளிவைத்தேன், நெடி பிள்ளைக்கு ஆகாதே. அரிசியையும் பொட்டுக்கடலையையும் வறுத்து மிஷினில் நைசாக அரைத்தேன். நிலக்கடலையை மிஷினில் போட்டால் எண்ணெய் விட்டுக் கல்லில் அப்பிக்கொள்ளும். அதனால் வறுத்துத் தோல் ஊதி மிக்ஸியில் அடித்தேன். இவற்றோடு பால், சர்க்கரை, ஒரு கரண்டி எண்ணெய். இடையில் ஒரு வேளை அவித்த முட்டையை மசித்துக் கொடுப்போம். உப்பு வேண்டாம், உப்புச் சேர்ந்தால் நீர் ஏறும் என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தாய் கிண்டிக் கிண்டிக் காய்ச்சுவாள். நான் பாத்திரம் கழுவிக் கொடுப்பேன்.

“நீங்கள் ஒண்டும் கதைக்க மாட்டீங்களோ அண்ணை?” என்று ஒருநாள் கேட்டாள்.

அன்றைக்கு ஷிப்ட் இல்லாமல் வீட்டில் இருந்த என் வீட்டுக்காரி உள்ளேயிருந்து, “மில்லுக் கல்லுக்காச்சும் சத்தம் வரும்மா, இவுகளுக்கு வராது” என்றாள். தாய் வாய்விட்டுச் சிரித்தாள். பிள்ளையும் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. அது சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகுதான் கஷ்டம் வந்தது. பிள்ளையின் பாதம் வற்றியது. நல்லது என்று இருந்தேன். பிறகு கன்னம் வற்றியது. கண் உள்ளே போனது. சட்டையைக் கழற்றினால் விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. எடை போட்டபோது முன்பு இருந்ததைவிடக் குறைந்திருந்தது. “நீரு வத்துது, அதான் எடை கொறையுது. பயப்படாதம்மா, பெறகு சதை பிடிக்கும். இதை மொதல்லயே சொன்னேன்ல?” என்றார் நர்ஸம்மா. தாய் தலையை ஆட்டினாள். ஆனால் அவள் பிள்ளையின் நெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுப்பு வாசலில் இருந்ததால் மாவரைக்க வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பிள்ளை சாப்பிடுவதைப் பார்த்தார்கள். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள்.

“என்னப்பா, பிள்ளைக்குக் கஞ்சி ஊத்துறியா, இல்ல பிள்ளைய உருக்குறியா?” என்று மாட்டுக்குச் சோளம் அரைக்க வந்தவர் ஒருவர் கேட்டார்.

“தெருவுல வச்சு ஊட்டுனா வேற எப்படி இருக்கும்? வாரவுக போறவுக கண்ணெல்லாம் அது வாயிலதான்” என்றாள் ஒரு பெண்.

நர்ஸம்மா சொன்னதை அப்படியே சொன்னால் போதும். அதைக்கூட நாலு பேர் முன்னால் என்னால் சொல்ல முடியவில்லை. மறுநாள் தாய் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

நர்ஸம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் பயிற்சிக்காக மதுரைக்குப் போயிருந்தார். “நேராப் போய்ப் பாருங்கண்ணே. கஞ்சியைக் கொண்டு போங்க. வாயத் தொறந்து வாங்குச்சுன்னா சரி, வரச் சொல்லிட்டு வந்துருங்க. வாய மூடிக்கிருச்சுன்னா யோசிக்காதீங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க” என்றார்.

நானே காய்ச்சித் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு போனேன். இத்தனை வருஷத்தில் அந்த முகாமுக்குள் நான் போனதில்லை. குழாயடியில் நின்ற பெண்கள், “மில்லண்ணை வாறார்” என்று குடத்தை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். சைக்கிளைப் பிடித்தபடியே நின்றேன். அக்காதான் முதலில் வெளியே வந்தாள். எங்கள் ஊர்ப் பேச்சு அவளுக்கு நன்றாக வரும்.

“வாங்கண்ணே. நல்லது செய்யணும்னுதான் செஞ்சீங்க, இல்லைங்கல. ஆனா பிள்ளை எலும்பாப் போச்சே. இங்க வந்து உப்புப் போட்டுச் சோத்துக் கஞ்சி குடுத்தோம். கயிறும் கட்டிருக்கோம். இப்பத்தான் முகம் தெளிஞ்சிருக்கு.”

தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கையில் கறுப்புக் கயிறு. கன்னம் மறுபடியும் உப்பியிருந்தது.

“பாருங்கோ அண்ணை, முகம் வந்திட்டுது” என்றாள். அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

அப்படியே தரையில் உட்கார்ந்து மூடியைத் திறந்து ஒரு கரண்டி எடுத்தேன். பிள்ளையின் வாய்க்கு நேரே கொண்டுபோனேன். மில் வாசலில் கரண்டி வருவதற்குள் எட்டிப் பிடித்து இழுக்கிற பிள்ளை அது. இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபக்கம் கொண்டுபோனேன். உதட்டை இறுக்கிக்கொண்டது. கஞ்சி தாடையில் வழிந்தது.

“நித்திரை வருது போல” என்றாள் தாய்.

“இல்லம்மா” என்றேன். பிறகு எப்படி வந்ததோ தெரியவில்லை, எல்லோர் முன்னாலும் பேசினேன். “இது சதை இல்ல, திரும்ப நீரு ஏறிருச்சு. வாங்க மறுக்குதுன்னா வீட்டுல வச்சிருக்கவே கூடாதுன்னு சொல்லிருக்காக. கெளம்பும்மா. நானும் வாரேன்.”

அவள் நகரவில்லை. பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

“எனக்கு எலும்பைப் பாக்கேலாது அண்ணை. கடைசிச் சண்டை நேரம் எங்கடை தம்பி இப்பிடித்தான் வத்தினவன். பங்கருக்குள்ளை, பதுங்குகுழியிலை, அம்மாவின்ரை மடியிலை கிடந்தவன். விலா எலும்பு தெரியத் தொடங்கினாப் பிறகு கனநாள் இருக்கேல்லை. நேர்ஸ் அக்கா சொன்னது எனக்கு விளங்கினதுதான். ஆனால் உடுப்பைக் கழட்டினால் அவன்தான் தெரியிறான்.”

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் அவன் தம்பிதானே. இவள் சொல்லித்தான் அவன் போன விதமே அவளுக்குத் தெரிய வந்ததோ என்னவோ. குழாயில் தண்ணீர் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் அதை நிறுத்தவில்லை.

கரண்டியை அவள் கையில் கொடுத்தேன். “நீயே ஒரு வாய் குடுத்துப் பாரும்மா” என்றேன். அவள் கொடுத்தாள். பிள்ளை அவளிடமும் வாயைத் திறக்கவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், கொஞ்சினாள், கன்னத்தைத் தட்டினாள். அதற்கு முனகக்கூடத் தெம்பு இல்லை. அக்காதான் எழுந்து உள்ளே போய்த் துணிப்பையை எடுத்து வந்தாள்.

“போடீ. அண்ணே கூடப் போ. இங்க உள்ளதை நான் பாத்துக்கிறேன்” என்றாள்.

ரோட்டில் அருப்புக்கோட்டை பஸ் வரும்வரை பொறுக்கவில்லை. தெரிந்தவருடைய ஆட்டோவில் ஏறினோம். இருபக்கமும் வேலிக்கருவேல், உழுது போட்ட வெறுங்காடு. வழியெல்லாம் அவள் பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்தபடி வந்தாள். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸில் விருதுநகருக்கு அனுப்பினார்கள். நேரம் தவறாமல் கொண்டுவந்தீர்கள் என்றும் யாரும் சொல்லவில்லை, பிழைத்துக்கொள்ளும் என்றும் சொல்லவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டுப் பால் ஊற்றினார்கள். என் வீட்டுக்காரி லீவு போட்டுவிட்டுத் துணைக்கு வந்து உட்கார்ந்தாள். நான் வெளியே வராந்தாவில் கிடந்தேன். மில் பூட்டிக் கிடந்தது.

பிள்ளை மறுபடியும் வாய் திறந்தது. அதைச் சொல்ல வார்டிலிருந்து ஓடிவந்த என் வீட்டுக்காரி, வராந்தா என்றும் பார்க்காமல் என் தோளில் அடித்து அழுதாள்.

இப்போது திரும்பி வந்திருக்கிறார்கள். பிள்ளை முன்பைவிட எலும்பாக இருக்கிறது. தாய் அதற்கு நீளமான கவுன் ஒன்றைப் போட்டுவிடுகிறாள். குளிக்க வைப்பதை என் வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டாள். முகாமில் பதிவு இன்னும் வரவில்லை. நன்றாகத் தேற மாதக்கணக்காகும், இடையில் ஒரு காய்ச்சல் வந்தாலும் ஆபத்துதான் என்கிறார் நர்ஸம்மா. அடுப்பு இன்னும் வாசலில்தான் இருக்கிறது. சேலை ஒன்றை இழுத்துக் கட்டி மறைத்திருக்கிறோம்.

நேற்றுக் காலையில் கிண்ணம் காலியான பிறகும் பிள்ளை கரண்டியை விடாமல் இன்னும் வேண்டும் என்று அழுதது. ஒரேயடியாகக் கொடுத்தால் உடம்பு தாங்காது, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மாவு வாங்க வந்த பெண் சேலைக்கு அப்பாலிருந்து, “பச்சப்பிள்ள கேக்குதுல்ல, ஊத்துனாத்தான் என்ன? பெத்தவதானா நீ?” என்று சத்தம் போட்டாள்.

“குடுக்கக் கூடாது அக்கா. இப்பக் கூடாது” என்றாள் தாய். அவள் கண்ணிலும் நீர் வழிந்துகொண்டிருந்தது. பிள்ளை காலை உதைத்துக்கொண்டு இன்னும் பலமாக அழுதது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு சட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து அதன் வாயில் வைத்தாள். நான் பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டேன்.