'க்ளியர்லி' என்று முடிந்த பக்கம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் கணித ஆய்வேட்டை லிங்கராஜபுரத்தில் இருந்த ஓர் அக்காதான் டைப் செய்தார். அவருக்குக் கணிதம் தெரியாது. மெஷினில் இல்லாத குறியீடுகளுக்கு அளவாக இடம் விட்டு அடித்துக்கொண்டே போவார். பிறகு நான் கறுப்பு மையால் அந்த இடங்களை நிரப்ப வேண்டும். பல பேருடைய ஆய்வேடுகளை அப்படி அடித்துப் பழகிய கை.

அந்த வெள்ளிக்கிழமைக்குள் சமர்ப்பித்தால்தான் ஒரு கல்லூரியில் எனக்கு விரிவுரையாளர் வேலை. செவ்வாய்க்கிழமை மாலை போனபோது அக்கா மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், நடுவுல ஒரு ஷீட் விட்டுப்போச்சு போல. மத்த ப்ரூஃப்ல எல்லாம் லைனுக்கு நாலு கேப் விடுறேன். இதுல ஒண்ணுமே வரல, 'க்ளியர்லி'ன்னு போட்டு முடிஞ்சிடுச்சு."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு கணக்கில் இரண்டு படிகளை எந்த வரிசையில் செய்தாலும் ஒரே விடைதான் வரும் என்பதே அந்த இடத்தின் சாரம். 'க்ளியர்லி' என்றால் பார்த்தாலே தெரியும் என்று அர்த்தம், இதற்கெல்லாம் விளக்கம் தேவையில்லை என்று மிதப்பாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை. பையில் இன்னொரு தடவை தேடிப் பார்க்கச் சொன்னார்.

அவர் வாயை அடைக்கவாவது நான்கு வரி எழுதித் தந்துவிடலாம் என்று, அல்சூரில் என் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே ஒரு துண்டுத்தாளில் ஆரம்பித்தேன். வரவில்லை. வீட்டில் உட்கார்ந்து எழுதினேன், அப்போதும் வரவில்லை. புதன்கிழமை மதியம், வரிசையை மாற்றினால் விடை மாறிவிடும் ஓர் உதாரணமே கிடைத்தது. ஒரு வழியில் பூஜ்யம், இன்னொரு வழியில் ஒன்று. நான் எழுதியிருந்த தேற்றம் அப்படியே நிற்காது. கூடவே ஓர் அசட்டு மகிழ்ச்சியும் வந்தது: இவ்வளவு சின்ன உதாரணம், இத்தனை நாள் எப்படிக் கண்ணில் படாமல் இருந்தது?

யார் அந்தப் பக்கத்தில் நின்று படிக்கப்போகிறார்கள், கொடுத்துவிடு என்று மனம் நைசாகப் பேசியது. வியாழக்கிழமை காலை போய், டைப் செய்ய வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன்.

"ஷீட் கெடைக்கலையா சார்?"

இனிமேல்தான் எழுத வேண்டும் என்றேன்.

வேலை வேறொருவருக்குப் போனது. தேற்றம் ஒரு கூடுதல் நிபந்தனையோடு பிழைத்தது. அதற்கு ஏழு மாதம் பிடித்தது. நிரூபணம் என்பது அடுத்தவரை நம்பவைப்பதற்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆனால் தவறான ஒன்றை இரண்டு வருடம் முழுமனதோடு நம்பியது நான்தான். சரியான தேற்றங்களை நம்பியபோது இருந்த அதே நிம்மதி அதிலும் இருந்தது. உள்ளுக்குள் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.