ஒன்பதுகளில் நின்றுபோன மிஷின்

மூணாறுக்கு மேலே இருந்த எங்கள் எஸ்டேட் ஆபீஸுக்குக் கணக்கு மிஷின் ஜீப்பில் வந்து இறங்கியது எழுபதுகளின் நடுவில், ஓர் ஐப்பசித் தொடக்கத்தில். கொச்சியில் இருந்த தலைமை ஆபீஸ் தனக்குப் புதிது வாங்கிக்கொண்டு பழையதை மலைக்கு அனுப்பிவிட்டது. மேஜையில் பாதியை அடைத்துக்கொள்ளும் இரும்புப் பெட்டி அது. முன்பக்கம் வரிசை வரிசையாக எண் பொத்தான்கள், மேலே சின்னச் சின்னக் கண்ணாடிச் சன்னல்கள். எண்ணை அமுக்கிக் கூட்டல் பொத்தானைத் தட்டினால் உள்ளே மோட்டார் சுற்றும். சக்கரங்கள் கடகடவென்று உருண்டு சன்னல்களில் விடை வந்து நிற்கும். கம்ப்யூட்டர் என்ற சொல்லை அப்போது நாங்கள் பத்திரிகையில்தான் பார்த்திருந்தோம். எங்கள் மலைக்கு இதுதான் கம்ப்யூட்டர்.

அந்த ஆபீஸில் நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. போடியில் சித்தி வீட்டில் தங்கி டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். அம்மா அதே எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டிலிருந்து ஆபீஸ் நாற்காலிக்குப் போன முதல் பெண் நான்தான். அது பற்றி எனக்குக் கூச்சமோ பயமோ இருந்ததில்லை. என் விரல் வேகமானது, கணக்கும் எனக்கு வரும். தினமும் யார் யார் எவ்வளவு கொழுந்து எடுத்தார்கள் என்ற எடைக் கணக்கைக் கூட்டி மாதச் சம்பளக் கணக்குக்குத் தயார் செய்வது என் வேலை. மிஷின் வந்ததும் அதை ஓட்டும் பொறுப்பும் என்னிடமே வந்தது.

வந்த முதல் மாதம் ஒழுங்காகத்தான் ஓடியது. கார்த்திகையில் ஆரம்பித்தது வினை. பாதிக் கூட்டலில் சட்டென்று நின்றுவிடும். மோட்டார் மட்டும் ‘ம்ம்ம்’ என்று முனகும். எந்தப் பொத்தானும் கீழே இறங்காது, எதுவும் மேலே வராது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். சில நேரம் தானாகவே விட்டுக்கொடுக்கும். சில நேரம் மதியம் வரைக்கும் அப்படியே கிடக்கும். அதுவரை கூட்டியது எல்லாம் போயிருக்கும், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பெரிய கிளார்க் மீனாட்சிபுரத்துக்காரர். பாலக்காட்டின் கிழக்கு எல்லையில் தென்னந்தோப்பும் மாடு கன்றுமாக வசதியான குடும்பம். படித்துவிட்டு மலைக்கு வந்தவர், ஊர்ப் பேச்சை விடாமல் வைத்திருந்தார். அவர் அந்த மிஷினைத் தொட்டுக் கணக்குப் போட்டு நான் பார்த்ததில்லை. கணக்கெல்லாம் அவர் மனதிலேயே போட்டுவிடுவார். ஆனால் மிஷின் மேல் அவருக்கு அப்படி ஒரு பிரியம். வீட்டில் சொல்லித் துணியில் உறை தைத்து வாங்கி வந்து போர்த்தினார். தூசி தட்டுவதை வேறு யாரிடமும் விடமாட்டார்.

மிஷின் நின்றால் அவர் பார்வை முதலில் என் விரல்களுக்குத்தான் போகும்.

“டைப்ரைட்டர்ல தட்டற மாதிரி தட்டறீங்க அம்மிணி. இது வேற ஜாதி. பதனமா அமுக்கோணும்.”

“மெதுவா அமுக்குனாலும் நிக்குது சார். நீங்களே அமுக்கிப் பாருங்க.”

“எனக்கெதுக்குங்க அதெல்லாம்” என்று நகர்ந்துவிடுவார்.

கோயம்புத்தூரிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தார்கள். மதிய பஸ்ஸில் வந்தார், சாப்பிட்டார், மிஷினின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தார். அன்றைக்கு அது பொன்னாக ஓடியது. என்ன கணக்குக் கொடுத்தாலும் தயங்காமல் போட்டது. “உள்ள சுத்தமா இருக்கு. எண்ணெய் எல்லாம் ஜோரா போட்டு வச்சிருக்கீங்க” என்று பெரிய கிளார்க்கைப் பாராட்டினார். பெரிய கிளார்க்கின் முகம் மலர்ந்தது. மெக்கானிக் போகும்போது என்னைப் பார்த்து, “கை பழகணும், அவ்வளவுதான்” என்றார். மறுநாள் காலை முதல் கூட்டலிலேயே மிஷின் நின்றது. இரண்டாம் தடவை வரவழைத்தபோதும் இதே கதை.

தை பிறக்கும் முன்பே மானேஜர் என்னையும் பெரிய கிளார்க்கையும் உள்ளே கூப்பிட்டார். எஸ்டேட்டில் எல்லோரும் அவரைத் துரை என்பார்கள். திருவல்லாவுக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், இடையிடையே மலையாளம் கலக்கும்.

“இந்த மாசச் சம்பளம் முடிஞ்சதும் மிஷினைத் திருப்பி அனுப்பிடலாம். கொழுந்துக் கணக்கைப் பக்கத்து டிவிஷன் ஆபீஸ்ல பார்த்துக்குவாங்க.”

கணக்கு அங்கே போனால் அதற்காக எடுக்கப்பட்ட ஆளுக்கு இங்கே வேலை இல்லை என்பது எனக்கு உடனே விளங்கியது. பெரிய கிளார்க் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசினேன்.

“சார், அதுவரைக்கும் நான் பார்க்கலாமா?”

“மெக்கானிக் ரெண்டு தடவை வந்து பார்த்ததல்லே?”

“மெக்கானிக் பார்க்கும்போது அது நிக்கல சார். நிக்கும்போது அவர் பார்க்கல. நான் தினமும் பார்க்கிறேன்.”

துரை என்னைப் பார்த்தார். சிரித்த மாதிரியும் இருந்தது. “செரி, நோக்கு. உடைச்சுடாதே” என்றார்.

எனக்கு மிஷின் வேலை தெரியாது. ஆனால் எதை எதை இல்லை என்று தள்ள முடியும் என்பது தெரிந்தது. முதலில் எல்லோரும் சொன்னது கரண்ட். பாக்டரியில் பெரிய ரோலர்களை ஓட்டும்போது எங்கள் ஆபீஸ் பல்ப் மங்கும், ஆகவே மோட்டாருக்குத் தெம்பு போதவில்லை என்று ஒரு பேச்சு இருந்தது. பாக்டரிக்கு விடுமுறை வந்த நாளில் அனுமதி வாங்கிப் போய் உட்கார்ந்தேன். பல்ப் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும்போதே மிஷின் நின்றது. கரண்ட் இல்லை என்று தள்ளினேன். ஜீப்பில் குலுங்கி வந்ததால் எங்கோ உடைந்திருக்கும் என்றார்கள். உடைந்தது மதியம் மட்டும் எப்படி ஒட்டிக்கொள்ளும்? அதையும் தள்ளினேன். ஏதாவது ஒரு பொத்தான் மாட்டிக்கொள்கிறதோ என்று ஒவ்வொன்றாக அமுக்கிக் கூட்டிப் பார்த்தேன். ஒற்றைப் பொத்தான்களில் அது நிற்கவே இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சின்னக் கணக்கில் நிற்பதில்லை. பெரிய கூட்டல்களில்தான் நிற்கிறது, அதிலும் எல்லாவற்றிலும் இல்லை. நின்ற இடங்களை நினைத்துப் பார்த்தால் சன்னல்களில் ஒன்பதுகள் அதிகமாக இருந்தது ஞாபகம் வந்தது. ஒன்பதோடு ஒன்றைக் கூட்டினால் பூஜ்யம் விழுந்து, பக்கத்து வரிசைக்கு ஒன்றைத் தள்ளிவிட வேண்டும். அங்கேயும் ஒன்பது இருந்தால் அதற்கடுத்த வரிசைக்கு. இப்படி வரிசை நெடுகத் தள்ள வேண்டி வந்தால் மோட்டாருக்கு அதுதான் பெரிய சுமை.

மறுநாள் காலை ஆபீஸ் திறந்ததும் எல்லாச் சன்னலிலும் ஒன்பதை நிரப்பினேன். ஒன்றை அமுக்கிக் கூட்டலைத் தட்டினேன்.

நின்றது. வலதுபக்கம் இரண்டு பூஜ்யம் விழுந்ததோடு அப்படியே இறுகி நின்றது.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மிஷின் நின்றதற்காகச் சந்தோஷப்பட்ட ஆள் அந்த மலையிலேயே நான் ஒருத்திதான் இருந்திருப்பேன். அதுவரை அது நினைத்தபோது நின்றது. இனி நான் சொல்லும்போது நிற்கும்.

மதியம் அதே ஒன்பதுகளை நிரப்பி அதே ஒன்றைக் கூட்டினேன். சரசரவென்று எல்லாச் சன்னலும் பூஜ்யமாக உருண்டு நின்றது. என் மேஜை மேற்குச் சன்னலோரம். மதிய வெயில் நேராக மிஷின் மேல் விழும். மறுநாள் காலை பாக்டரியிலிருந்து தணல் நிரப்பிய கரிச்சட்டி ஒன்றை வாங்கி வந்து மேஜைக்கு அடியில் வைத்தேன். பெரிய கிளார்க் பதறினார்.

“ஏனுங்க அம்மிணி, ஆபீஸக் கொளுத்திப்போடுவீங்களாட்ட இருக்குது!”

“கொஞ்ச நேரம் சார். பக்கத்துலயே இருக்கேன்.”

இரும்பில் சூடு ஏறியதும் ஒன்பதுகளைக் கூட்டினேன். ஓடியது. மார்கழிக் காலையில் அத்தனை ஒன்பதையும் அது தள்ளியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம். ஆக, குளிரில் உள்ளே ஏதோ இறுகுகிறது, சூட்டில் இளகுகிறது. அது எது என்பதுதான் பாக்கி.

அதை எனக்குக் காட்டியது எங்கள் வீட்டு அடுப்படி. மறுநாள் தலை வாரிக்கொள்ள எண்ணெய் பாட்டிலை எடுத்துக் கவிழ்த்தால் ஒரு சொட்டுகூட வரவில்லை. உள்ளே வெள்ளையாக, கல்லாக இருந்தது.

“அடுப்புகிட்ட வச்சு எடு புள்ள. இந்தக் குளிருல தேங்காண்ண எப்படி ஊத்தும்?” என்றாள் அம்மா, கொழுந்துக் கூடைக் கயிற்றை முடிந்துகொண்டே.

பாட்டிலைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். பிறகு சிரிப்பு வந்தது. அம்மா, “என்னத்துக்கு இளிக்கிற?” என்றாள். பதில் சொல்லாமல் தலை வாராமலேயே ஓடினேன்.

ஆபீஸில் அப்போது வேறு யாரும் இல்லை. பக்கத் தகட்டின் திருகுகளைக் கழற்றினேன். உள்ளே நெருக்கமாக நின்ற நெம்புகோல்களுக்கு நடுவில், பக்கத்து வரிசைக்கு ஒன்றைத் தள்ளுகிற அந்தச் சின்னக் கைகளின் மூட்டு மூட்டாக, மெழுகு மாதிரி வெள்ளை படிந்திருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை. மெக்கானிக் வந்த மதியங்களில் அதுவே உருகி, மினுமினுவென்று, நன்றாக எண்ணெய் போட்டது மாதிரி தெரிந்திருக்கிறது. வாசனையாவது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்று பின்னால் கேட்டவர்கள் உண்டு. அந்த ஆபீஸில் எங்கள் எல்லோர் தலையிலும் அதே வாசனைதான்.

பெரிய கிளார்க் வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

“சார், இதுக்கு என்ன எண்ணெய் போடுறீங்க?”

“எங்கூட்டு எண்ணெய்ங்க. என்ற தோப்புத் தேங்கா, செக்குல ஆட்டுனது” என்றார் பெருமையாக. “அந்த மிஷின் எண்ணெய் கறுப்பா நாறுதுங்க. இத்தன நல்ல சாமானத்துக்கு அதப் போய் ஊத்தறதான்னு, மாசாமாசம் ஊர்ல இருந்து வரப்ப ஒரு பாட்டல் கொண்டுட்டு வந்தர்றேன்.”

நான் திறந்திருந்த பக்கத்தைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். விரலை நீட்டித் தொட்டார். வெள்ளை அவர் விரல் நுனியில் ஒட்டி, விரல் சூட்டிலேயே இளகி வழிந்தது. அவர் ஊரில் உறையாத எண்ணெய் அது. வெயில் காயும் மீனாட்சிபுரத்தில் வருஷம் முழுக்க ஊற்றினாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

விரலை மிஷின் உறையில் துடைத்தார்.

“அப்ப உங்க கைமேல ஒண்ணுமில்லீங்க அம்மிணி” என்றார்.

“இல்லைங்க சார்.”

“நாந்தானுங்க ஊத்தி ஊத்தி அடச்சு வெச்சிருக்கறேன்.”

எழுந்தார். முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டார். “இதக் கழுவறதுக்கு என்ன வேணுமுங்க?” என்று கேட்டார்.

பாக்டரியிலிருந்து மண்ணெண்ணெயும் பழைய பிரஷ்ஷும் டார்ச் விளக்கும் வந்தன. அன்று முழுக்க இருவரும் மிஷினோடு இருந்தோம். நான் பிரஷ்ஷால் தேய்க்க, அவர் விளக்குப் பிடித்தார். என் கைக்கு எட்டாத மூலைகளில் அவர் நீளமான விரல்கள் துணியைச் சுற்றிக்கொண்டு போய்த் துடைத்தன. நடுவில் அவர் காணாமல் போனார். திரும்பி வந்தபோது பின்னால் துரையும் வந்தார். தானே போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார் என்பது துரையின் முகத்திலேயே தெரிந்தது. சிரிப்பை அடக்க அவர் ரொம்பப் பாடுபட்டார்.

“நாளைக் காலையில் எனக்கு ஓட்டிக் காட்டு” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் குளிர் கொஞ்சமும் இரக்கப்படவில்லை. புல் மேலெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. கரிச்சட்டியை எடுத்து வெளியே வைத்துவிட்டேன். தேங்காய் மணமே இல்லாத, கறுத்த மிஷின் எண்ணெய்தான் உள்ளே இருந்தது. துரை கம்பளிக் கோட்டோடு நின்றார். பெரிய கிளார்க் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றார், மிஷினைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். எல்லாச் சன்னலிலும் ஒன்பதை நிரப்பிக் காட்டிவிட்டு ஒன்றைக் கூட்டினேன்.

ஒரே மூச்சில் உருண்டு முடித்தது.

“இன்னொரு வட்டம்” என்றார் துரை. இன்னொரு தரம் செய்தேன். பிறகு அவரே குனிந்து, தன் விரலால் கூட்டலைத் தட்டிப் பார்த்தார். “மிஷின் இங்கேயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அறைக்குப் போனார். அந்த மாதச் சம்பளம் சொன்ன நாளில் கொடுக்கப்பட்டது. பக்கத்து டிவிஷன் பற்றிய பேச்சு அதன்பிறகு எழவில்லை. அவர்களுடைய கூட்டல்களையும் எங்களுக்கே அனுப்ப ஆரம்பித்தார்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்த பெரிய கிளார்க், ஒரு மத்தியானம் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஏதோ கேட்க வந்தவர் மாதிரி தொண்டையைச் செருமினார்.

“இதுல பெருக்கறது எப்படீங்க?”

நான் எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். ஒற்றை விரலால், ஒவ்வொரு பொத்தானையும் தேடித் தேடி அமுக்கினார். தோப்பில் எத்தனை மரம், மரத்துக்கு எத்தனை காய் என்று போட்டார். மோட்டார் சுற்றியது, சக்கரங்கள் உருண்டன, விடை வந்து நின்றது. அவர் அதை நம்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மனதில் ஒருமுறை போட்டுப் பார்த்தார். உதடுகள் அசைந்தன. கண்ணைத் திறந்து சன்னல்களை மறுபடி படித்தார்.

“செரியாத்தானுங்க சொல்லுது” என்றார். பிறகு எழுந்து போகாமல், அடுத்த எண்ணைத் தேட ஆரம்பித்தார்.