முலாம் பட்ட கைகள்

முதலுதவி அறையில் பணிபுரிகிறவர்க்குப் புண்ணை ஆற்றுவது எளிது. புண் இருப்பதை உடையவரே ஒப்புக்கொள்ளச் செய்வதுதான் அரிது. மருந்தை நீட்டி ஏச்சு வாங்கிய அன்பர்கள் அனைவரும் இதை அறிவர். அறுபதுகளின் இறுதியில், திருவொற்றியூரில் மிதிவண்டி உறுப்புகளுக்குக் குரோமிய முலாம் பூசும் தொழிற்சாலையொன்றில் நான் செவிலியாக இருந்தேன்.

நோவாத புண்

முலாம் தொட்டியில் வேலை செய்த அந்தோணி ஒருநாள் தலைவலி மாத்திரை கேட்டு வந்தார். ராயபுரத்துக்காரர், தலைச்சன் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. மாத்திரைக்காக நீட்டிய கையைக் கண்டு திடுக்கிட்டேன். விரல் முட்டிகளில், ஆணியால் துளைத்தாற்போல, வட்ட வட்டமாய் நான்கு குழிகள். அமிலம் தோலைத் தின்றிருந்தது.

அவருக்கு அது ஒரு பொருட்டே அன்று. அவர் துயரம் வேறு. அக்கம்பக்கத்தார் அக்குழிகளைப் பார்த்துப் ‘பெருவியாதி’, அதாவது தொழுநோய், என்று அவர் மனைவி பிலோமினாவின் காதில் போட்டுவிட்டனர். அன்றிலிருந்து குழந்தையைத் தொட அவருக்கு அனுமதி இல்லை. களிம்பு தடவி, கையுறை அணிந்து வேலை செய்தால் புண் ஆறும், தடையும் நீங்கும் என்றேன். அவர் ஏற்கவில்லை.

“நோவவே இல்ல சிஸ்டர், நோவாதது எப்டி புண்ணாவும்? இது சும்மா ஓட்டை. எம் பொண்டாட்டிக்கு ஒரு மாத்திரை குட்த்து பயத்த நிறுத்துங்க, போதும்.”

கையுறை போன இடம்

நிர்வாகம் ஆளுக்கு ஓர் இணை ரப்பர் கையுறை வழங்கியிருந்தது. தொட்டியருகே ஒருவர் கையிலும் அது இல்லை. அந்தோணியின் தோழர் முனுசாமியை வினவினேன். அவர் தொட்டிக்குப் புதியவர். கைகள் இன்னும் பழுதுபடாதவை. உறை அணிந்தால் கம்பி வழுக்குகிறது என்று காரணம் கூறினார். அப்படியானால் உறைகள் எங்கே என்றேன். பெருமிதத்தோடு விடை வந்தது.

“வூட்டுக்காரிகிட்ட குட்த்துட்டேன் சிஸ்டர். காசிமேட்டுல மீன் அறுக்கறா இல்ல? அத்த போட்டுகினு அறுத்து, அவ கை இப்ப சினிமாக்காரி கை மாரி கீது!”

சன்னலில் நீண்ட கைகள்

அதன்பின் சனிக்கிழமைதோறும் தொட்டிக்காரர்களின் கைகளைச் சோதித்துப் பதிவேட்டில் குறிப்பது என் கடமையாயிற்று. அமிலம் சொட்டும் உடையோடு உள்ளே வந்தால் தரை பாழாகும். ஆதலால், வெளியே நின்று பெயரைச் சொல்லி, சன்னல் கம்பிகளுக்கிடையே கையை மட்டும் நீட்டுமாறு ஏற்பாடு செய்திருந்தேன். அதில் எனக்குச் சற்றுப் பெருமையும் உண்டு. புண் மிகுந்தவரை மருத்துவர் சுமை தூக்கும் வேலைக்கு மாற்றிவிடுவார் என்பது அவர்கள் அச்சம்.

அந்தச் சனிக்கிழமை ஒரு கையிலும் குழி இல்லை. தொட்டிக்காரர்களுக்குக் கொடுத்திருந்த களிம்பின் ஆற்றலை வியந்துகொண்டே எழுதினேன். ஏழாம் கையில்தான் கண் நின்றது. மணிக்கட்டில் ‘வள்ளி’ என்று பச்சை குத்தியிருந்தது. முதற்கையிலும் மூன்றாம் கையிலும் இதே வள்ளியைக் கண்ட நினைவு வந்தது. வெளியே சென்று பார்த்தேன். அந்தோணி தம் பெயரைச் சொல்ல, முனுசாமி கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

“இன்னா சிஸ்டர் கோச்சுக்கிறீங்க? அவன் கைய காட்னா உங்களுக்கு வேலை. என் கைய காட்னா உங்களுக்கு ரெஸ்டு!”

கறுப்புக் கைகள்

அதன்பின் அந்தோணியைக் கடுமையாக எச்சரித்தேன்: “கையில் ஒட்டிய அமிலம் குழந்தையின் தோலையும் சுடும். கையுறை இல்லாமல் இருக்காதீர்கள்.” எங்கே அணிவது என்று சொல்லாமல் விட்டது என் பிழை. மறுநாளே புதிய இணை ஒன்று வாங்கிச் சென்றார்.

ஒரு வாரம் கழிந்தது. பிலோமினா குழந்தையை ஏந்தியபடி என் அறைக்கு வந்தார். கணவர் வீட்டில் முழங்கை வரை கறுப்பு உறை மாட்டிக்கொண்டு குழந்தையைத் தூக்க வருகிறாராம். அதைக் கண்டாலே குழந்தை வீறிடுகிறதாம். இது தொழுநோய் அன்று, ஒட்டிக்கொள்ளாது, தொட்டியின் அமிலம் செய்த வேலை என்று விளக்கினேன். உறையைத் தொட்டியில் அணிய வேண்டும், வீட்டுக்குப் புறப்படுமுன் சோப்பால் கை கழுவ வேண்டும் என்றும் கூறினேன். முழுதும் கேட்டுக்கொண்டு, கணவரை அழைத்துவரச் சொன்னார். தொட்டியிலிருந்து நேரே வந்தார் அந்தோணி. பத்து விரலும் வெறுமையாய், ஈரமாய் இருந்தன.

“யோவ், ஆசிட்டுக்கு வெறுங்கை, புள்ளைக்கு ஒறையா? புள்ள இன்னா உன்ன கட்ச்சி துன்னுடுமா?”

முதல் வேளை

மறுநாள் முதல் தொட்டியருகே அந்தோணியின் கைகளில் உறை இருந்தது. “வா துரை!” என்ற கேலியையும் பொறுத்துக்கொண்டார். ஐந்து வாரத்தில் குழிகள் மூடின. தழும்பு மட்டும் எஞ்சியது. பிலோமினா மீண்டும் வந்தார். என் சொல்லை நம்பாமல், வெளிச்சத்தில் அக்கைகளைப் புரட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். பிறகு குழந்தையை அவற்றில் வைத்தார். அந்தோணி மூச்சையும் அடக்கிக்கொண்டு, அசையாமல் நின்று, மருந்து வாங்கியவரைப்போல என்னைப் பார்த்துக் கேட்டார்.

“ஒரு நாளைக்கு எத்தினி வேளை சிஸ்டர்?”

தம் தோலுக்காக ஒருபோதும் கையுறை அணியாத ஆடவர்க்கு, மனைவியின் சினத்தைப்போல் விரைந்து பலிக்கும் களிம்பு எதுவும் என் அலமாரியில் இருந்ததில்லை.