கடையில் வாங்காத ராசா ரொட்டி

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. திருப்பலிக்கும் சாப்பாட்டுக்கும் வந்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் இந்த நினைவு மலரில் அம்மாவின் பெருமைகளைப் படிக்க எதிர்பார்ப்பீர்கள். பெருமைகள் உண்டு. அவற்றோடு என் வெட்கக்கேடு ஒன்றும் உண்டு. அதை விட்டுவிட்டு எழுதலாமா என்று தங்கையிடம் கேட்டேன். "அத்த எடுத்துட்டா அப்பால இன்னா இருக்குதுண்ணா எழுத?" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது பொன்னேரிக்கு அருகே, ஆரணி ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில். பிறர் நிலத்தில் நாற்று நட்டு வளர்ந்தவர். வாழ்க்கைப்பட்டு மீஞ்சூருக்கு வந்தார். எனக்கு ஒன்பது வயதும் தங்கைக்கு ஐந்து வயதும் ஆனபோது அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அறுபதுகளின் தொடக்கம் அது. எண்ணூர்ப் பக்கம் தொழிற்சாலை கட்ட வந்திருந்த பிரெஞ்சு எஞ்சினியர் ஒருவரின் பங்களாவில் அம்மா பாத்திரம் தேய்க்கச் சேர்ந்தார். காலை பாசஞ்சரில் போய் மாலையில் திரும்புவார். ஓராண்டுக்குள் சமையலே அவர் கைக்கு வந்துவிட்டது. எழுத்து தெரியாதவர், பார்த்ததை மறக்காதவர்.

அந்த வீட்டு அம்மாளிடம் கற்றதுதான் ராசா ரொட்டி. ஜனவரியில் வரும் மூன்று ராசாக்கள் திருநாளுக்கு அவர்கள் ஊரில் செய்வதாம். மைதா மாவை விரித்து, வெண்ணெயைப் பொதிந்து, வேட்டி மடிப்பதுபோல மடித்து மடித்துத் தேய்க்க வேண்டும். நடுவில் பாதாம் அரைத்த இனிப்புப் பூரணம். அதற்குள் ஒரே ஒரு கொட்டையை ஒளித்துவைப்பார்கள். அது யார் துண்டில் வருகிறதோ அவர்தான் அன்றைக்கு ராஜா. பங்களாவில் அதற்கு எங்கள் ஊர்க் காய்ந்த மொச்சையே போதுமானதாக இருந்தது.

நான்கு ஆண்டுகளில் அந்தக் குடும்பம் ஊர் திரும்பியது. அம்மா ஸ்டேஷன் பக்கம் காலைப் பலகாரம் விற்கும் நாஷ்டா கடை போட்டு எங்களைப் படிக்கவைத்தார். ஆனால் ராசா ரொட்டியை மட்டும் விடவில்லை. பாதாம் வாங்க வசதி ஏது? ஸ்டேஷன் மரத்தடியில் விழும் நாட்டு வாதாங்கொட்டைகளைப் பொறுக்கிக் காயவைத்து, கல்லில் தட்டிப் பருப்பெடுப்பார். ஒரு கைப்பிடிப் பருப்புக்கு அரை நாள் ஆகும். வெண்ணெய் இளகாமலிருக்க, பழவேற்காட்டிலிருந்து மீனோடு வரும் ஐஸ் கட்டியைக் கெஞ்சி வாங்கிக் கழுவி, சாக்கில் சுற்றி, அதன்மேல் மாவுத் தட்டை வைப்பார். அடுப்பு என்பது மணல் பரப்பிய அலுமினிய டேக்சாப் பாத்திரம். மூடிமேல் கரி நெருப்பு. வெந்து வரும்போது மேல்புறம் ஏடு ஏடாகப் பிரிந்து நிற்கும். தெருவே எட்டிப் பார்க்கும்.

கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வரத் தொடங்கியபோது ஒன்றில் எனக்கு ஸ்டோர்ஸ் வேலை கிடைத்தது. முதல் ஜனவரியில் எல்லாரும் மேனேஜருக்கு ஏதாவது கொண்டுபோனார்கள். நானும் அம்மாவிடம் ராசா ரொட்டி கேட்டேன். மெட்ராஸ் பேக்கரி ஒன்றின் பழைய அட்டைப் பெட்டியில் அதை வைத்தேன். பார்வையாக இருக்கட்டும் என்றுதான்.

மேனேஜர் ஒரு வாய் தின்றுவிட்டு, "பிரமாதம்பா! வீட்ல பண்ணதா?" என்று கேட்டார். ஆமாம் என்றால் அம்மா எங்கே கற்றார் என்பார். வெள்ளைக்காரர் வீட்டில் பாத்திரம் தேய்த்தவர் என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? "மெட்ராஸ்ல வாங்கினது சார்" என்றேன். வாயை மூடுவதற்குள் அவர் பல்லில் மொச்சை கடிபட்டது. "என்னய்யா, கொட்டையைப் போட்டு வச்சிருக்கான்! அந்தக் கடைக்காரனை நல்லா கேளு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். "கேக்கறேன் சார்" என்றேன்.

சொன்னபடியே வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"இன்னாம்மா நீ, மானத்த வாங்கிட்டியே! அத்தினி பேரு எதிர்ல மேனேஜரு பல்லுல கொட்ட மாட்டிக்கினு..."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "அவருக்கா நைனா வந்துச்சு? அப்ப இன்னிக்கு அவுருதான் ராஜா. சொன்னியா அவுராண்ட?"

"கடைல வாங்கினதுன்னு சொல்லிகீறேன். இதுல ராஜாவாம், மந்திரியாம்!"

அம்மா சிறிது நேரம் கரியைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு, "நாளைக்காச்சும் சொல்லிடு நைனா. ராஜாவாயிட்டது தெரியாமலே கீறாரு பாரு, பாவம்" என்றார். தன்னைக் கடைக்காரனாக்கியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் மறுநாளும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு முதல் கம்பெனிக்குப் போன ரொட்டியில் மொச்சை இல்லை. பெட்டி கசங்காமல் இருக்கிறதா என்று அம்மாவே பார்த்துக் கட்டிக் கொடுப்பார். அதில் எனக்கு எந்த உறுத்தலும் இருக்கவில்லை என்பதை இன்று எழுதும்போது கை கூசுகிறது.

ஒரு ஜனவரியில் மேனேஜர் தற்செயலாக எங்கள் வீட்டுக்கே வந்தார். காலையில் இறக்கி ஆறவைத்திருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தோம். "இது எந்தக் கடைம்மா? உங்க பையன் பேரே சொல்ல மாட்டேங்கிறான்" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "மெட்ராஸ்ல சார். பையன்தான் வாங்கினு வருவான். எனக்கு இதெல்லாம் இன்னா சார் தெரியும்" என்றார் அம்மா. அவர் முழங்கையில் மைதா மாவு ஒட்டியிருந்தது. தங்கை எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அம்மா வழக்கம்போலச் சோறு போட்டு, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்றார்.

போன ஆண்டு ஜனவரி. மூச்சுத் திணறல் முற்றி அம்மா மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் இருந்தார். கம்பெனியில் லீவு கேட்கப் போனபோது மேனேஜர் ஆறுதல் சொல்லிவிட்டு, பேச்சோடு பேச்சாக, "இந்த வருஷம் அந்த ரொட்டி வரலையே" என்றார். "கடைய மூடிட்டாங்க சார்" என்றேன். பழக்கம் அப்படிச் சொல்லவைத்தது. ஐந்தாம் நாள் அம்மா இறந்தார்.

சவப்பெட்டியின் முன்னால் நான் அழுததை எல்லாரும் பார்த்தீர்கள். அம்மா போனதற்காக மட்டும் அழுததாக நினைத்து என்னைத் தேற்றினீர்கள். அந்தத் தேறுதலுக்கு நான் தகுதியில்லாதவன்.

அம்மாவை இரவும் பகலும் கவனித்த நர்சம்மாக்களுக்கும், கடைசி ஜெபம் சொல்ல வந்த சாமியாருக்கும், அடக்கம் முடியும்வரை அடுப்பு மூட்டவிடாமல் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த தெருவாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தம் காரையே அனுப்பிய மேனேஜர் ஐயாவுக்கும் நன்றி. அவரும் இன்று வந்திருக்கிறார். இந்தப் பக்கத்தையும் படிப்பார்.

இன்று சாப்பாட்டுக்குப் பிறகு உங்களுக்குத் தரப்போவது தங்கை செய்த ராசா ரொட்டி. அதே டேக்சா, அதே நாட்டு வாதாங்கொட்டை. உள்ளே ஒரு மொச்சையும் இருக்கிறது. பல்லில் பட்டால் கடைக்காரரைத் திட்ட வேண்டாம். அந்த மெட்ராஸ் கடை என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை.

மேனேஜர் ஐயா, அன்று உங்கள் பல்லில் பட்ட மொச்சையை வைத்தது எங்கள் அம்மா. அன்றைக்கு ராஜா நீங்கள்தான் என்று உங்களிடம் சொல்லச் சொன்னார். இப்போதுதான் சொல்கிறேன்.