மருமகள் ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் நான் நெய்தது

தறிக்குழியை நானே கடப்பாரை பிடித்துத் தோண்டினேன். அடுத்தவன் தறியில் கூலிக்கு உட்கார்ந்தவன் சொந்தத் தறி போட்டேன், ஒன்று மூன்றாயிற்று. ஒழுகிய கூரை போய்த் தளம் வந்தது. பெரிய காஞ்சிபுரத்துக் கடைக்காரர்கள் என் புடவையைப் பிரித்துப் பார்க்காமலே வாங்குவார்கள். அப்பா போனபோது எனக்கு மீசைகூட முளைக்கவில்லை, படிப்பு ஐந்தாவதோடு சரி, யாரும் கை கொடுக்கவில்லை. இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். மருமகளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அவளுக்கு இரண்டும் பெண். இரண்டுமே வயிற்றைக் கிழித்துப் பிறந்தவை. இரண்டாவதில் ரத்தம் நிற்காமல் போய், இன்னொன்று உண்டானால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். அப்போதே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள்கிறேன் என்றாள். என் மகன்தான் அப்புறம் பார்க்கலாம் என்று இழுத்தான். தெருமுனையில் இருக்கும் என் அக்கா, ஆண் வாரிசு வேண்டி ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தில் தொட்டில் கட்டிவிட்டு வந்தாள்.

மூன்றாவது உண்டானது. கலைத்துவிடப் போகிறேன் என்று மருமகள் நான், என் மனைவி, மகன் மூவர் எதிரிலும் சொன்னாள்.

"பையனா இருந்தா இன்னா பண்ணுவ?" என்றான் மகன்.

"அவ்ளோ ஆசையா இருந்தா நீ சுமந்து பெத்துக்க. நான் செத்தா இந்த ரெண்டுக்கும் யாரு தலை வாருவா? உனக்கு சீப்பு எங்க இருக்குதுன்னாவது தெரியுமா?"

அவன் என்னைப் பார்த்தான். "என்னை இன்னாடா பாக்குற? அவ சொல்றதுதான்" என்றேன். என் மனைவி எழுந்துபோய்ப் பையில் துணி எடுத்து வைத்தாள்.

மருமகள் கேட்டது ஒன்றுதான். "பெரியத்தைக்குத் தெரியக் கூடாது மாமா. வந்து வாசல்ல குந்திக்கினு, தொட்டில் கட்டினேன், சாமி குத்தம்னு அழுவாங்க. எனக்குத் தைரியம் போயிடும்."

தெரியாமல் செய்வது லேசில்லை. எங்கள் தெருவில் எந்த வீட்டுத் தறி ஓடுகிறது என்று காதிலேயே தெரியும். ஒரு தறி சத்தம் நின்றால், காய்ச்சலா, தீட்டா, சாவா என்று கேட்டு ஆள் வந்துவிடும். முதலில் வருவது என் அக்காதான்.

காலையில் மாமியாரும் மருமகளும் பின்சந்து வழியாக அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். மகனும் பின்னாலேயே போனான். மற்ற இரண்டு தறியும் நூல் ஏற்றாமல் கிடந்தன; நான் அவள் நெய்யும் தறியின் குழியில் இறங்கினேன். முட்டி தேய்ந்து நான் தறியை விட்டு வருடங்கள் ஆகியிருந்தன. மிதியை அழுத்தும்போதெல்லாம் உயிர் போனது. குறுக்கு நூல் ஓட்டும் நாடா கைக்கு வந்துவிட்டது, கால்தான் வரவில்லை.

அக்கா வாசலுக்கு வந்துவிட்டாள். "இன்னாடி, தறி நொண்டிக்கினு இருக்குது?"

"நான்தான்க்கா!" என்று உள்ளிருந்தே கத்தினேன். "இந்தக் காலத்துப் பசங்க நெய்யறதெல்லாம் ஒரு நெசவா? எப்படி நெய்யணும்னு காட்டிக்கினு இருக்கேன்."

"ஆரம்பிச்சிட்டியா உன் பெருமைய! அவ எங்க?"

"அடுப்பாண்ட."

"மாமனாரைக் குழியில எறக்கிட்டு மருமவ சோறு ஆக்குறாளா? நல்லா இருக்குதுடா உங்க ஊட்டு நியாயம்!" என்று சிரித்துக்கொண்டே போனாள். நான் பெருமை பேசுகிறவன் என்று தெருவுக்கே தெரியும். அதனால்தான் நம்பினாள்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை மனைவி பிறகு சொன்னாள். புருஷன் கையெழுத்து வேண்டுமா என்று மருமகள் பயந்து கேட்டிருக்கிறாள். "உன் சம்மதம் போதும்மா, நீ சொல்லு" என்றாராம் டாக்டரம்மா. கருவைக் கலைத்து, குடும்பக் கட்டுப்பாடும் சேர்த்தே செய்தார்கள். வீட்டுக்கு வந்தவள் சுவரைப் பார்த்துப் படுத்து அழுதாள். வேண்டாம் என்று முடிவெடுத்தவளுக்கும் அழுகை வரும் என்று நான் அன்றுதான் பார்த்தேன். அவள் எழுந்து நடமாடும்வரை தறியை நான் நிற்கவிடவில்லை.

இப்போது அவளே மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களிடம் வெளிப்படையாகப் பேசுகிறாள். மெடிக்கல் ஷாப்பில் தானாக மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்கிறாள். விஷயம் தெரிந்த பிறகு அக்கா கொஞ்ச நாள் எங்கள் வாசல் மிதிக்கவில்லை, பிறகு வந்தாள். எங்கள் வீட்டில் நடந்த போன குழுக் கூட்டத்தில், தனக்குத் துணை நின்றவர்கள் என்று மருமகள் மாமியாரைச் சொன்னாள், டாக்டரம்மாவைச் சொன்னாள். கூடவே வந்து வெளியே நின்றான் என்று என் மகனைக்கூடச் சொன்னாள்.

"என்னை உட்டுட்டியேம்மா?" என்றேன்.

"நீங்க தறிதானே மாமா நெய்ஞ்சீங்க?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

ஆமாம், தறிதான் நெய்தேன். முடிவு அவளுடையது, வலியும் அவளுடையது. அதில் எனக்குப் பங்கு வேண்டாம். ஆனால் அவள் மனம் கலையாமல் போய்வர, தடுக்க வந்த ஆளை வாசலோடு திருப்பி அனுப்பியவன் நான். அடுத்த கூட்டத்தில் அவள் அதையும் சொல்ல வேண்டும். சிரிக்காமல் சொல்ல வேண்டும்.